அத்திக்கண்டம் எந்தக் கண்டத்தில்?

என் சாச்சியின் வயல் சில கிழமைகள் அந்தாட்டிக்காவில் இருந்தது. வயல் எங்கும் நகரவில்லை. மாவடிப்பள்ளிக்கு அப்பால், வாய்க்கால் முடிகிற இடத்தில், எப்போதும் கிடக்கிற மாதிரியே கிடந்தது. நகர்ந்தது எங்கள் கந்தோர்க் கணினியில். ஆனால் கணினியில் எங்கே இருக்கிறோமோ அங்கேதான் இருக்கிறோம் என்று ஆகிவிட்ட காலம் இது. அதனால் கல்முனைக்குடியை விட்டு வயலுக்கும் ஹஜ்ஜுக்கும் தவிர வேறெங்கும் போகாத என் சாச்சி, அந்தப் பனிநிலத்தில் காணிக்காரியாகக் கொஞ்சக் காலம் வாழ வேண்டி வந்தது.

நான் கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் தரவுத்தளம் பார்க்கிறவள். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அந்த அளவு அடக்கமாவது வேண்டும். உறவுநிலைத் தரவுத்தளம் என்று அதற்குத் தமிழில் பெயர். இந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து உம்மா, நான் கலியாணம் பொருத்திக் கொடுக்கிற இடத்தில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு, அக்கரைப்பற்றில் நல்ல மாப்பிள்ளை யாரும் அதில் இருக்கிறார்களா என்று அடிக்கடி கேட்பார். நானும் திருத்தவில்லை. ஆட்களுக்கு ஒரு அட்டவணை, காணிகளுக்கு ஒரு அட்டவணை, வாய்க்கால்களுக்கு ஒரு அட்டவணை. இன்ன காணி இன்னாருக்கு என்று ஒன்றோடொன்றைக் கட்டிவைப்பதுதான் வேலை. எங்கள் ஊரில் ஒருவரை யாரென்று கேட்டால் அவருடைய பெயரா பதிலாக வரும்? இன்னாரின் மருமகன், இன்ன கடைக்காரரின் மச்சான் என்றுதான் வரும். இதையெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று வகுப்பில் படிப்பித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் கந்தோரின் வேலைகளில் ஒன்று, சிறுபோகத்துக்கு, அதாவது மழையில்லாத மாதங்களின் நெல்லுக்கு, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது என்று திட்டம் போட்டுக் கொடுப்பது. குளத்தில் தண்ணீர் குறைந்த வருசங்களில் இது உயிர்போகிற விசயம். எந்தக் காணி எந்த வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிறது என்பது மட்டும் எங்களுடைய எந்த அட்டவணையிலும் இல்லை. அது வட்டவிதானைமாரின் தலைக்குள் இருந்தது. வட்டவிதானை என்றால் வாய்க்கால் கதவுகளைத் திறந்து மூடுகிறவர். விவசாயிகள் கூடித் தெரிந்தெடுப்பவர். அவர்களுடைய தலைக்குள் இருப்பதைக் கேட்டுப் பதிந்துகொண்டால் போதும், ஒரு கிழமையில் முடியும் என்று நான் சொன்னேன்.

எங்கள் பொறுப்பதிகாரி, நாங்கள் எல்லாரும் சேர் என்று சொல்கிறவர், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் நல்ல மனுசன். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். கெடுதல் செய்வதற்கும் யாராவது கடிதம் அனுப்ப வேண்டும். உள்ளூரில் கிடைப்பது எதுவும் உருப்படியானது என்று நம்புவதற்கு மட்டும் அவருக்கு மனம் வராது. சேர் ஒரு கூட்டம் வைத்தார். கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். மெல்லிய தாடி, மெல்லிய லெப்டொப், மெல்லிய தமிழ். நாட்டின் நிலவரைபடத் தரவெல்லாம் கொழும்பில் ஒரு சேர்வரில் இருக்கிறது, அதை எங்கள் தரவுத்தளத்தோடு தொடுத்துவிட்டால் ஒவ்வொரு காணியும் தானாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், எந்த வாய்க்கால் பக்கத்தில் என்பதும் தானாகத் தெரியும் என்றார்.

"எப்பிடித் தொடுக்கிற?" என்று சேர் கேட்டார்.

"ஃபொறின் டேபிள் போடணும் சேர்."

சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் கரையில் ஃபொறின் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை. ஃபொறின் மாப்பிள்ளை, ஃபொறின் சவுக்காரம், ஃபொறின் போர்வை. சேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டேபிள இறக்கிறதுக்கு டியூட்டி கட்டணுமா தம்பி? நம்மட வாசலுக்குள்ளால போகுமா?" என்று கேட்டார்.

ஆலோசகர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். வேறோர் இடத்தில் இருக்கிற தரவு, நம்முடைய அட்டவணை மாதிரியே நம் தரவுத்தளத்துக்குள் தெரியும், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினார். மேசை வராது என்று தெரிந்ததும் சேரின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் ஃபொறின் என்ற சொல் மிச்சமிருந்ததால் திட்டத்துக்குக் கையெழுத்து வைத்தார்.

இனி வந்த வினைக்குக் காரணம் ஒரேயொரு சொல். எங்கள் பக்கத்தில் வயல்வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் கண்டம் என்போம். ஆனைக்கண்டம், தென்கண்டம், வடகண்டம், அவரைக்கண்டம், சாச்சியின் வயல் இருக்கிற அத்திக்கண்டம். உங்களுடைய வயல் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். எந்தக் கண்டத்தில் என்றுதான் கேட்பார்கள். எங்கள் காணி அட்டவணையிலும் கண்டம் என்றே ஒரு தலைப்பு இருந்தது. கொழும்புத் தரவிலும் கண்டம் என்று ஒரு தலைப்பு இருந்தது. அது பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகத்துக் கண்டம். ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா வகையறா.

ஆலோசகரின் மென்பொருள் இரண்டு பக்கத்திலும் ஒரே தலைப்பைக் கண்டதும், பிரிந்துபோன உறவைக் கண்ட சந்தோசத்தில் இரண்டையும் கட்டிப்போட்டுவிட்டது. "பேர் சரியாப் பொருந்தாட்டி கிட்டத்தட்ட ஒத்த பேர எடுக்கும், அந்த அளவுக்கு ஸ்மார்ட்," என்று ஆலோசகர் பெருமையாகச் சொன்னார். அது எடுத்தது. தென்கண்டம் தென் அமெரிக்காவுக்குப் போனது. வடகண்டத்துக்காரர் எல்லாரும் விசா இல்லாமல் வட அமெரிக்காவில் இறங்கினார்கள். அவரைக்கண்டம் அவுஸ்திரேலியா. ஆனைக்கண்டம் ஆபிரிக்காவுக்குப் போனது. அதில் ஒரு நியாயமாவது இருந்தது. அத்திக்கண்டத்துக்கு உலகத்தில் கிட்டிய பெயர் அந்தாட்டிக்கா என்று அந்த ஸ்மார்ட்டான சாமான் முடிவு செய்தது.

திறப்பு விழா வைத்தார்கள். லெப்டொப்புக்கு ரிபன் கட்டி வெட்டினார்கள். கிறாஅத் ஓதி, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் முடிந்து, பெற்றிஸும் ரோல்ஸும் மேசைக்கு வந்த நேரத்தில் பெரிய திரையில் வரைபடம் வந்தது. முழு உலகமும் தெரிந்தது. ஒவ்வொரு கண்டத்தின் நடுவிலும் எங்கள் விவசாயிகள் சிவப்புப் புள்ளிகளாகக் குவிந்திருந்தார்கள். இலங்கை இருக்கிற இடத்தில் ஒரு புள்ளியும் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். சேர் ரோல்ஸை வைத்துவிட்டு எழுந்தார். "நம்மட சின்னக் கந்தோர் இண்டைக்கு உலகம் முழுக்கப் பரவியிரிக்கி," என்றார்.

நான் எழுந்து, "சேர், நம்மட ஊர்ல ஒண்டும் இல்லையே?" என்று கேட்டேன். ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். மையித்து வீட்டில் சத்தமாகச் சிரித்தவளைப் பார்க்கிற பார்வை. "ஸூம் பண்ணினா சரியாயிடும் மேடம்," என்றார் ஆலோசகர். பின்னேர பஸ்ஸுக்கு அவர் போய்விட்டார்.

அந்த வரைபடத்திலிருந்து கணினி தண்ணீர்த் திட்டத்தைத் தானாகவே போட்டது. எந்தக் கிளை வாய்க்காலின் பக்கத்தில் விதைத்த வயல் இருக்கிறதோ அங்கே தண்ணீர். வயல் இல்லாத வாய்க்காலுக்குக் கதவு பூட்டு. எங்கள் பகுதியில் கணினிக்கு ஒரு வயலும் தெரியாததால் எல்லா வாய்க்காலும் பூட்டு. திட்டம் வெளியான காலையிலேயே சேரின் தொலைபேசி அலறத் தொடங்கியது. போடிமார் என்கிற பெரிய நிலக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், அரசியல்வாதிகளின் சொந்தக்காரர்கள் என்று வரிசையாக எடுத்தார்கள். எடுத்தவருடைய வாய்க்காலுக்கெல்லாம் சேர் 'விசேட அனுமதி' என்று கைப்பட எழுதித் திறக்கச் சொன்னார். பின்னேரத்துக்குள் அநேகமாக எல்லா வாய்க்காலும் திறந்தாகிவிட்டது. திட்டம் பெரிய வெற்றி என்று கொழும்புக்கு அறிக்கை போனது.

அத்திக்கண்டத்து வாய்க்கால் மட்டும் திறக்கவில்லை. அது கடைசி வாய்க்கால். அங்கே இருப்பதெல்லாம் சின்னக் காணிகள், தொலைபேசியில் சேரைப் பிடிக்கத் தெரியாத ஆட்கள்.

சாச்சி உம்மாவின் தங்கை. அந்த வயல் அவருக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளையின் பெயரில்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை வந்து சேருவார். சாச்சிக்கு வந்து சேர்ந்த சாச்சா ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். சீமெந்துக்குள் நாள் முழுக்க நிற்பார், சேறு என்றால் காலைத் தூக்கிக்கொள்வார். அதனால் சாச்சியே ஓட்டோ பிடித்து, குடையும் வெற்றிலைப் பையுமாகப் போய், வரம்பில் நின்று ஆட்களை ஏசி ஏசி வேளாண்மை செய்விப்பார். சாச்சி வரம்பில் ஏறினால் வயலில் நிற்கிற கொக்கும் எழும்பிப் போகும் என்று சாச்சா சொல்வார். அந்த வருசம் சாச்சி விதைத்து முடித்திருந்தார். நாற்று பச்சையாக எழும்பி நின்றது. இனித் தண்ணீர் வராவிட்டால் எல்லாம் கருகும், அவ்வளவுதான் விசயம்.

சாச்சி முதலில் வட்டவிதானையிடம் போனார். அவர் சாச்சியைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். "கண்டமும் எனக்குத் தெரியும், வாய்க்காலும் தெரியும், கதவுத் துறப்பும் என்ட இடுப்புலதான் கிடக்கு," என்று திறப்புச் சாவியைக் காட்டினாராம். "ஆனா மெப்பில இல்லாத வயலுக்குத் தண்ணி விட்டா என்ன வீட்ட அனுப்பிருவாங்க. உங்கட குடும்பத்துப் புள்ளதானே மெப்பு வெச்சிரிக்கா? அவக்கிட்டக் கேளுங்க."

சாச்சி கந்தோருக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நேரே என் மேசைக்கு வந்தார்.

"எங்ககா என்ட வயல்?"

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளை வெளேரென்ற பரப்பில் ஒரு சிவப்புப் புள்ளி.

"என்னது வெள்ளையாக் கிடக்கு? என்ட வயலத் தூக்கி உப்பளத்துக்குள்ளயா போட்டிரிக்கிற?"

"அது உப்பில்ல சாச்சி. ஐஸ். அந்தாட்டிக்கா எண்டு, உலகத்துட அடியில இரிக்கி."

சாச்சி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "உன்னப் படிப்பிக்க உங்கட வாப்பா பட்ட கஷ்டத்துக்கு, என்ட வயல உலகத்துட அடியில கொண்டு வெச்சிரிக்கிற. மாஷா அல்லாஹ்."

பக்கத்து மேசையில் வேலை செய்கிற பாண்டிருப்பு அக்கா சிரிப்பை அடக்க முடியாமல், "சாதகத்தில தண்ணியில கண்டம் எண்டு எழுதுவாங்கள்; உங்கட சாச்சிக்குக் கண்டத்தாலதான் தண்ணியில கண்டம்," என்றார். சாச்சி சாதகம் பார்ப்பதில்லை என்றாலும் அதற்குச் சிரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், ஆரெல்லாம் கோல் எடுத்தாங்களோ அவங்களுக்கெல்லாம் திறந்து குடுத்தீங்க. இந்த ஒரு வாய்க்காலையும் திறந்துவிடச் சொல்லுங்க."

சேர் பேனையை மூடிவைத்தார். "அது உங்கட சொந்தக்காரர்ர வயல். நாளைக்கு ஆக்கள் என்ன கதைப்பாங்க? நான் நேர்மையா இருக்கிறவன்."

அவருடைய நேர்மை திட்டம் வெளியான காலையில் எங்கே போயிருந்தது, எந்தக் கண்டத்தில் நின்றது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. தரவிலே பிழை, கண்டம் என்ற ஒரு சொல் இரண்டு பொருளில் நிற்கிறது, அந்த இணைப்பை வெட்டினால் போதும் என்று பொறுமையாக விளக்கினேன். சேர் தலையை ஆட்டினார். "வெளித் தரவில நாங்க கைவெக்க ஏலாது. அது மேலிடத்துத் தரவு. நம்மட பக்கத்தாலதான் திருந்தணும். உங்கட சாச்சிட வயல் அந்தாட்டிக்காவில இல்ல எண்டதுக்கு என்ன அத்தாட்சி இரிக்கி? ஜீ.எஸ்.ட கடிதம் ஒண்டு கொண்டுவாங்க."

நானும் சாச்சியும் ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகரின், கந்தோருக்குப் போனோம். அவர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். "ஆசியாவுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்ல. என்ட பிரிவுக்கு மட்டுந்தான் நான் கடிதம் குடுக்கலாம்," என்றார். அவருடைய பிரிவு ஆசியாவுக்குள்தான் இருக்கிறது என்று நான் வாதாடி வென்றேன். கடைசியில் எழுதித் தந்தார்: 'மேற்படி பெண்மணியின் வயற்காணியானது ஆசியாக் கண்டத்தினுள் அமைந்துள்ளதென, எனது அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரையில் உறுதிப்படுத்துகின்றேன்.' கீழே முத்திரை குத்தினார். முத்திரை சாய்ந்துவிட்டது என்று இன்னொரு தரமும் குத்தினார்.

சேருக்குப் பரம திருப்தி. கடிதத்தின்படி சாச்சியின் வயலுக்கு நேரே அத்திக்கண்டம் என்று இருந்ததை அழித்து ஆசியா என்று போடச் சொன்னார். வேறு வழியில்லாமல் போட்டேன். புள்ளி பனியை விட்டு எழும்பி, ஆசியாவின் நட்டநடுவில், சீனாவின் ஒரு பாலைவனத்துப் பக்கமாகப் போய் இருந்தது. சாச்சியிடம் சொன்னேன்.

"சீனாக்காரனுக்கு இஞ்ச காணி குடுக்கிறாங்க எண்டுதான் கேள்விப்பட்டன்," என்றார் சாச்சி. "எனக்கு அங்க குடுத்திரிக்கிறாங்க. அங்கயாவது தண்ணி வருமா எண்டு கேளு."

பகிடிதான் விட்டார், ஆனால் குரலில் பழைய சூடு இல்லை. வயலுக்குப் போய் வந்த அன்று நாற்றின் நுனி சிவக்கத் தொடங்கிவிட்டது என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சாச்சி ஏசாமல் கதைத்தால் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் பயம் வரும். எனக்கும் வந்தது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு சாச்சியோடு ஓட்டோவில் வயலுக்குப் போனேன். கையில் ஃபோன். அத்திக்கண்டத்தின் வெளி வரம்பில் சாச்சி முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இடத்தைப் பதிந்தேன். வரம்பு வெடித்துக் கிடந்தது. அபாயாவின் விளிம்பெல்லாம் நெருஞ்சிமுள். சாச்சி ஒவ்வொரு காணியையும் காட்டி, இது இன்னாருடையது, இவள் என்னோடு குர்ஆன் ஓதப் பள்ளியில் இருந்தவள், இவன் வரம்பை எங்கள் பக்கமாகத் தள்ளி வெட்டினவன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஃபோனிலே புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து, கோணலான ஒரு வடிவம் வந்தது. உலகத்தில் வேறு எந்தக் கண்டத்துக்கும் அந்த வடிவம் இல்லை.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சேர் ஏற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னுடைய சொந்தக் காலால் நடந்து எடுத்த தரவு. அதைவிட உள்ளூர்ச் சரக்கு வேறென்ன? அதனால் ஒரு வேலை செய்தேன். அந்த வடிவத்தைச் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு வாடகை சேர்வரில் ஏற்றினேன். அங்கிருந்து அதை ஃபொறின் டேபிளாக எங்கள் தரவுத்தளத்துக்குத் தொடுத்தேன். சாச்சியின் காணிக்கு நேரே ஆசியாவை அழித்து அத்திக்கண்டம் என்று திருப்பிப் போட்டு, கண்டம் என்ற தலைப்பைக் கொழும்புத் தரவிலிருந்து கழற்றி, இதிலே கட்டினேன்.

"சேர், சிங்கப்பூர்ல இருந்து ஒரு புவியியல் தரவு வந்திரிக்கி."

சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அத்திக்கண்டம் அத்திக்கண்டத்திலேயே இருந்தது. பக்கத்தில் வாய்க்கால் நீலக் கோடாக ஓடியது. "பாத்தீங்களா," என்றார் என்னிடம், "அவங்கட வேல எண்டா வேலதான். இவ்வளவு துல்லியமா நம்மளால செய்ய ஏலுமா?" ஏலாது சேர் என்றேன். எங்கள் ஊர்ப் பெடியன்கள் கட்டாருக்குப் போய் வந்தபிறகுதான் மனிதராகிறார்கள். எங்கள் வரம்பு சிங்கப்பூருக்குப் போய் வந்ததால் தரவானது. அன்றைக்கே திருத்திய திட்டம் போனது. வட்டவிதானை தன் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்தார்.

தண்ணீர் வந்த காலையில் நானும் வாய்க்கால் கரையில் நின்றேன். முதலில் நுரையும் சருகும்தான் வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர், வெடித்த மண்ணுக்குள் இறங்குகிற சத்தத்தோடு. சாச்சி குடையை மடித்து வரம்பில் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். தரவுத்தளம் பார்க்கிற வேலையில் அழுகிற அளவுக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தவள், சேற்றில் நின்று விக்கி விக்கி அழுதேன். அந்த நாளில் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சேருக்கு இந்த இணைப்பு வேலை பிடித்துப்போனது. சிங்கப்பூரோடு சேர்ந்ததால் இவ்வளவு நன்மை என்றால், மற்ற எல்லாரோடும் சேர்ந்தால் எவ்வளவு நன்மை! எந்தெந்தத் திணைக்களத்திடம் வரைபடம் இருக்கிறதோ அத்தனையையும் தொடுக்கச் சொன்னார். மண்வகை, பாதைகள், மின்கம்பிகள் என்று ஒவ்வொன்றாகத் தொடுத்தேன். பிறகு ஒரு திணைக்களத்தின் ஈரநில வரைபடம் வந்தது. அது வானத்தில் சுற்றுகிற செய்மதியின் படத்திலிருந்து தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி நிற்கிற நிலமெல்லாம் பாதுகாக்க வேண்டிய ஈரநிலம். அதிலே பயிர்ச்செய்கைக்கு அனுமதி இல்லை.

பொதுவாகத் தொடுப்பதற்கு முன்னால் நான் தனியாக ஒருதரம் ஓட்டிப் பார்ப்பேன். பார்த்தேன். அத்திக்கண்டம் முழுக்கப் பச்சையாக வந்தது. நான் நடந்து எடுத்த வரம்பின் ஒவ்வொரு திருப்பத்தோடும் அந்தப் பச்சை அப்படியே பொருந்தியது. செய்மதி எங்கள் பக்கமாகப் போனது, தண்ணீர் கட்டி நின்ற நாட்களில். போடிமாரின் கண்டங்களும் சில பச்சையாகத்தான் இருந்தன. அவர்கள் தொலைபேசி எடுப்பார்கள். சாச்சிக்கு என்னை விட்டால் எடுக்க ஆளில்லை. இதைத் தொடுத்தால் கணினி சாச்சியின் காணிக்கு நேரே 'அனுமதியற்ற பயிர்ச்செய்கை' என்று தானாகவே எழுதும். பிறகு சிறுபோகமும் இல்லை, பெரும்போகமும் இல்லை. வயலை அந்தாட்டிக்காவில் விட்டிருந்தால் ஒருத்தனும் தேடி வந்திருக்கமாட்டான். நான்தான் வழிகாட்டிக் கூட்டிவந்திருக்கிறேன். அன்றைக்குக் கோபத்தில் கீபோட்டைத் தள்ளிவிட்டுப் போய், கடற்கரையில் கொஞ்சநேரம் நின்றேன்.

சேரிடம் சொன்னேன். நெல் விளைய வயலில் தண்ணீர் நிற்க வேண்டும், அது ஈரநிலம் இல்லை என்று. "செய்மதிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் சேர் கேட்கிறார், ஈரநிலம் சேர்ந்துவிட்டதா என்று. லிங்க் ஏறுதில்ல சேர், இன்டர்நெட் சரியில்ல என்று சொல்கிறேன். பொய்தான். சேர் கொழும்பு ஆலோசகரை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். வரும் கிழமை வருகிறார். அவருடைய மென்பொருளுக்கு ஒரு நிமிசத்து வேலை. அதற்குள் செய்மதி இன்னொருதரம் எங்களுக்கு மேலால் போகும். அன்றைக்கு நிலம் காய்ந்து தெரிந்தால் பச்சை தானாகவே அழிந்துவிடும் என்று அந்தத் திணைக்களத்தின் விளக்கக் குறிப்பில் போட்டிருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் சாச்சி வயலில் இருந்து ஃபோன் எடுத்தார். குரலில் பழைய சூடு, பழைய சத்தம். காதை விட்டு ஃபோனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"மகள், முறைத் தண்ணி வந்திட்டு. வயல் முட்டத் தண்ணி நிக்கிது. கதிர் வாற நேரத்துக்குத்தான் தண்ணி வேணும், அல்லாஹ்ட காவல். பளபளண்டு கிடக்குகா, வானத்துல இருந்து பாத்தாலும் தெரியும்!"

நான் சொன்னேன்: "சாச்சி, வரம்ப வெட்டி அந்தத் தண்ணிய வடிய விடுங்க. நாலஞ்சு நாளைக்கு வயல் காய்ஞ்சு கிடக்கட்டும்."

மறுபக்கத்தில் வாய்க்கால் ஓடுவது கேட்டது.

"என்னோட சேத்துக்குள்ள நிண்டு தண்ணிக்காக அழுத புள்ளயா இதச் சொல்ற?" என்று சாச்சி கேட்டார்.